அப்பத்தா பாட்டு... அமெரிக்கா பாட்டு!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. அத்தனையிலும் பஸ்ஸில் அலறுவது சினிமாப் பாட்டுதான்! சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற மலையாளிகள் (பேர்தான் மலையாளி, பேசுவது தமிழ்!) பாட்டை எந்த பஸ்ஸிலாவது கேட்டதுண்டா?

அமெரிக்காவிலும் ஒரு மலைநாட்டுப் பாட்டு உண்டு. பேர், புளூகிராஸ். பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின் போதும். கரன்ட்டே வேண்டாம்!

டென்னஸி மலைக் குடிசையில் 12 பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவர் டாலி பார்ட்டன். தானே எழுதி, தானே பாடி, உலகப் புகழ் பெற்றவர். 1999-ல், 53 வயதில், சிறு வயசில் கேட்ட பாட்டுப் பக்கம் திரும்பி, 'தி கிராஸ் இஸ் புளூ' ஆல்பம் போட்டார். கிராமி விருது வீடு தேடி வந்தது.

அட, நம்ம ஊரில் அதற்கு 14 வருஷம் முன்னாலேயே நடந்துவிட்டது சார்! சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி, 1985-ல் 'ஆண்பாவம்' படத்தில் பாட்டியாக வந்து கலக்கினாரே... இளையராஜா இசையில் அவர் பாடிய பாட்டுகள் அவரே கட்டியவை. 1993-ல் கலைமாமணி விருது. 2025 ஜூனில், 99 வயதில் மறைந்தார். பதிவான பாட்டு இருக்கிறது. பதிவாகாதது அவரோடு போச்சு.

உங்க வீட்டு அப்பத்தாவும் ஏதாவது முணுமுணுப்பாங்க. செல்போனை எடுத்து ரெக்கார்ட் பண்ணுங்க. மேனேஜர் திட்டுவதை ரெக்கார்ட் பண்ண நேரமிருக்கு... இதுக்கு இருக்காதா?