பேணியும் பானையும்

இறக்காமத்தில் என் அயலவர் ஒருவர் ஊர்காவற்படையில் இருந்தவர். 2009இல் போர் ஓய்ந்தது. அவர் உறக்கம் திரும்பவில்லை. அண்மையில் அவர் அலமாரியில் சத்துமாப் பேணிகள் வரிசையாயிருக்கக் கண்டேன். இரவுணவையோ விட்டுவிட்டாராம்.

1944–45இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு நினைவுக்கு வந்தது. 36 இளைஞர் (ஆயுதமேந்த மறுத்தவர்கள்!) ஆறு திங்கள் அரைவயிற்றோடு கிடந்தனர். உடல் மெலிந்தது, உள்ளமோ சோர்வும் சினமுமாய் நலிந்தது. மீட்சிக் காலத்தில் சிலருக்கு உயிர்ச்சத்தும் புரதமும் கூட்டிக் கொடுத்தும் பயன் சொற்பமே. வயிறார உண்ட உணவே அவர்களைத் தேற்றியது.

போரச்சம் வெறும் பசியன்று. அதற்கு மருத்துவர் வேண்டும். அவரிடம் அதையும் சொன்னேன். அதற்குள் அவருடைய உம்மா சோற்றில் எருமைத் தயிர் பிசைந்து கொணர்ந்துவிட்டார்.

“பேணிய வெச்சிட்டு ரெண்டு வாய் தின்னு, மகன்.”