இரத்தம் நின்றதும் அவிழ்த்து விடாதீர்கள்!

வேலை முடிந்து வீடு திரும்பினால் லயத்து வாசலில் ஐந்தாறு கடுவன் நாய்கள்! பக்கத்து டிவிஷனிலிருந்துகூட மோப்பம் பிடித்து வந்துவிடும். இரவெல்லாம் குரைப்பு, சண்டை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களுக்குத் தூக்கம் ஏது? கட்டிக் கிடக்கும் பெட்டை நாய்க்கு ஏச்சும் அடியும் விழும். அது என்ன குற்றம் செய்தது, பாவம்? அதற்குப் பருவம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெட்டைக் குட்டி பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் முதன்முறை பருவமடையும். பெரிய சாதி நாய்களுக்கு இன்னும் தாமதமாகலாம். பிறகு ஏறக்குறைய ஆறேழு மாதத்திற்கு ஒரு தடவை வந்துகொண்டே இருக்கும். வயதானால் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். நிற்காது.

நம் தாய்மார்கள் ஏமாறுவது ஓரிடத்தில்தான். மாதவிலக்கைப் போலத்தானே இதுவும் என்று நினைத்து, இரத்தம் நின்றதும் சங்கிலியை அவிழ்த்து விடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. கரு தங்காதபோது வருவது மாதவிலக்கு. நாய்க்கோ, கருத்தரிக்க உடல் தயாராகும்போது வருகிறது இந்த இரத்தம். முதல் ஒன்பது பத்து நாள் பின்புறம் வீங்கி, இரத்தம் கசியும். கடுவன்கள் சுற்றிச் சுற்றி வந்தாலும் பெட்டை சீறி விரட்டும். அதன்பின் இரத்தம் வெளுத்து, வைக்கோல் நிறமாகும். பெட்டை வாலை ஒரு பக்கம் ஒதுக்கி நிற்கும். சினைப்படும் நாள்கள் இவைதான்! இதுவும் ஒன்பது நாள்போல நீடிக்கும். சில நாய்களுக்குக் கூடும், குறையும்.

எங்கள் கருப்பியைப் பன்னிரண்டாம் நாள் அவிழ்த்து விட்டவன் நான்தான். சரியாக இரண்டு மாதத்தில் ஏழு குட்டிகள். ஒரே ஈற்றுக்கு இரண்டு மூன்று தகப்பன் இருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றும் ஒரு நிறம். மூன்றுக்குத்தான் வீடு கிடைத்தது. மற்ற நாலையும் பெரியவர்கள் சாக்கில் போட்டுச் செம்பனைக் காட்டில் விட்டு வந்தார்கள். என் தங்கை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இணைந்து நிற்கும் நாய்கள் மேல் வெந்நீர் ஊற்றுவதும் கல்லெறிவதும் வேண்டாம். பத்து நிமிடமோ அரை மணியோ கழித்துத் தாமாகவே பிரியும். பிடித்து இழுத்தால் இரண்டுக்கும் காயம்தான் மிச்சம்.

பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நாய் ஓயாமல் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல், வாந்தி எடுத்தால் அலட்சியம் கூடாது. கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சீழ் வெளியே தெரியாமலும் இருக்கும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகாவிட்டால் உயிர் போய்விடும். பருவத்தைத் தள்ளிப்போட ஊசி போடுகிறார்களே, அது இந்த நோய்க்கு வழி திறந்துவிடக்கூடும்.

கருத்தடை அறுவை செய்துவிட்டால் பருவமும் இல்லை, இந்தப் பயமும் இல்லை. செலவுதான் இடிக்கும். விலங்கு நலச் சங்கங்கள் சில குறைந்த கட்டணத்தில் செய்து தருகின்றன, விசாரித்துப் பாருங்கள். பருவத்தில் இருக்கும்போது இரத்தப்போக்கு அதிகமாகும் என்பதால், பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் போனபின் செய்வது வழக்கம்.

அதுவரை, முதல் சொட்டு இரத்தம் கண்ட நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து முழுதாக மூன்று வாரம், முடிந்தால் நாலு வாரம், வீட்டுக்குள்ளோ பின்கட்டிலோ அடைத்து வையுங்கள். வாசலில் கட்டினால் மட்டும் போதாது. கடுவன் அங்கேயே வந்துவிடும். வெளிக்குப் போக அழைத்துச் செல்லும்போதும் கயிறு பெரியவர் கையில் இருக்கட்டும், பிள்ளைகள் கையில் வேண்டாம்.