ஒரு சோடிச் சப்பாத்து எத்தனை ஓட்டத்துக்குத் தாங்கும்?

அச்சுவேலிச் சந்தியில் நின்று நாலு பக்கமும் பாருங்கள். தெற்கே புத்தூர்ப் பக்கம் போகும் தார் வீதி. வடகிழக்கே போனால் மரநிழல் முடிந்து வல்லைவெளியின் காற்று முகத்தில் அறையும். வடக்கே தொண்டைமானாறும் கடல் மணலும். மேற்கே வெங்காயமும் வாழையும் நிற்கும் செம்மண் தோட்டங்கள், அவற்றின் நடுவே ஒழுங்கைகள். ஆண்டு தொடங்கியதும் பாடசாலைகளில் மரதன் ஓட்டம் வரும். அதன் பின்னால் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். அதற்குப் பயிற்சி செய்யும் பிள்ளை ஒரு கிழமைக்குள் இந்த நாலு வகை நிலத்திலும் கால் வைத்துவிடுகிறது. வீட்டில் இருப்பதோ ஒரேயொரு சோடிச் சப்பாத்து.

கடைக்காரர் இதற்கு ஒரு சப்பாத்து, அதற்கு வேறு சப்பாத்து என்று அடுக்கி வைப்பார். வீதிக்கு ஒன்று, மண் பாதைக்கு ஒன்று, வேக ஓட்டத்துக்கு ஆணி வைத்தது ஒன்று. எல்லாவற்றையும் வாங்க எத்தனை குடும்பங்களால் முடியும்? ஆகவே நமது கேள்வி வேறு. எல்லாப் பயிற்சிக்கும் ஒரு சோடிதான் என்றால், அது தாங்குமா, தாங்காதா என்பதை நாமே எப்படிப் பரிசோதித்து அறிவது? பிள்ளையின் முழங்காலும் கணைக்கால் எலும்பும் இந்தக் கேள்விக்குள் இருப்பதால், இதைச் சிறிய விடயம் என்று தள்ளிவிட முடியாது.

“நாங்கள் வெறுங்காலோடு ஓடவில்லையா?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 42.195 கிலோமீற்றரையும் வெறுங்காலால் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் முதலாவதாக வந்தார். அங்கே கொடுக்கப்பட்ட சப்பாத்து காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாத சப்பாத்தைவிட வெறுங்கால் மேல் என்று அவர் முடிவு செய்தார். ஆனால் கதையின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. 1964இல் தோக்கியோவில் அதே பிக்கிலா சப்பாத்து அணிந்து ஓடினார். 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மீண்டும் தங்கம் வென்றார். நமது மூதாதையரின் பாதங்களும் சிறுவயது முதல் செம்மண்ணில் நடந்து தடித்த பாதங்கள். காலை ஏழரைக்குச் சப்பாத்துப் போட்டு, பிற்பகல் இரண்டுக்குக் கழற்றும் இன்றைய பிள்ளையை ஒரே நாளில் வெறுங்காலோடு சூடான தாரில் இறக்கிவிட்டு, “தாத்தா ஓடினார், நீயும் ஓடு” என்பது சரியல்ல.

ஓட்டச் சப்பாத்தை மூன்று தட்டாகப் பிரித்துப் பாருங்கள். மேலே காற்றுப் புகும் துணி. அடியில் தேயும் றபர். இரண்டுக்கும் நடுவே ஈ.வி.ஏ. எனப்படும் பஞ்சுபோன்ற பொருளாலான நடுத்தட்டு. காசு போவதும், பயன் வருவதும், முதலில் கெட்டுப்போவதும் இந்த நடுத்தட்டில்தான். வெளியிலிருந்து பார்த்தால் றபர் புதிதாகவே இருக்கும். உள்ளே பஞ்சு செத்திருக்கும். பாரத்தையும் கவனியுங்கள். ஒரு சப்பாத்தில் 100 கிராம் கூடினால், ஓடும்போது செலவாகும் சக்தி ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு கூடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். மெதுவாக ஓடும்போது இது தெரியாது. வேகப் பயிற்சியில் தெரியும்.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். ஒரு கிழமை போதும்.

முதல் நாள், வீதியில் இலேசான ஓட்டம். பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் கதைக்கக்கூடிய வேகம், அரை மணித்தியாலம். சப்பாத்தை மறந்துவிட்டு ஓட முடிகிறதா என்பது ஒன்றுதான் இன்றைய கேள்வி. நாக்குப் பகுதி குத்துகிறது, குதிக்கால் உரசுகிறது, சிறுவிரல் நெரிகிறது என்று பத்து நிமிடத்துக்குள் நினைவு வந்தால், “போடப் போடச் சரியாகும்” என்று கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். தோல் சப்பாத்து இளகும். இந்த வகைச் சப்பாத்து பெரிதாக இளகுவதில்லை.

அடுத்த நாள் ஓய்வு. மூன்றாம் நாள் பாடசாலை மைதானத்தில் வேகப் பயிற்சி. 200 மீற்றரை ஆறு தடவை ஓடி, இடையிடையே நடக்கட்டும். வளைவில் திரும்பும்போது பாதம் சப்பாத்துக்குள்ளேயே வெளிப்பக்கம் வழுக்குகிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் பொது என்று விற்கப்படும் பல சோடிகள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். மென்மைக்காக நடுத்தட்டை உயர்த்திவிடுகிறார்கள். உயரம் கூடக் கூடக் கணுக்கால் ஆடுகிறது. வழுக்கல் சிறிதென்றால், மேலே உள்ள கடைசித் துளையையும் பயன்படுத்திக் கயிற்றை இறுக்கிக் கட்டிப் பாருங்கள். அந்தத் துளை அழகுக்கு வைத்ததல்ல; குதிக்காலைப் பிடித்து வைப்பதற்காக வைத்தது.

ஐந்தாம் நாள் நீண்ட ஓட்டம். சுபஹ் முடிந்து வெளிச்சம் பரவும் நேரத்தில் புறப்பட்டு வல்லைவெளிப் பக்கம் போகலாம். வெயில் ஏறிய பின் அந்த வெளியில் நிழலுக்கு ஒரு மரம் தேட வேண்டும். ஓட ஓடப் பாதம் வீங்கும், நீளும். புறப்படும்போது கச்சிதமாக இருந்த சப்பாத்து, போய்த் திரும்பும்போது பெருவிரல் நகத்தை இடிக்கத் தொடங்கும். வீட்டுக்கு வந்ததும் காலுறையைக் கழற்றி நகங்களைப் பாருங்கள். நகம் கறுத்தால் அளவு சிறிது; இதில் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

ஏழாம் நாள் ஒழுங்கை. காய்ந்த செம்மண் காலுக்கு மிக இதமான தரை. வீதியோரச் சுண்ணாம்புக் கற்களை மட்டும் பார்த்துக் கால் வைக்க வேண்டும். மாரியில் கதை வேறு. செம்மண் அடித்தட்டின் பள்ளங்களில் அப்பி, சப்பாத்து இரண்டு மடங்கு பாரமாகிவிடும், வழுக்கவும் செய்யும். மாரி முடியும் காலமே பயிற்சி தொடங்கும் காலமாகவும் இருப்பதால் இதைச் சொல்கிறேன். மழை நாளில் ஒழுங்கையை விட்டு வீதியோரம் ஓடுவதே நல்லது. தொண்டைமானாற்று மணலுக்கு இந்தச் சப்பாத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். உப்பும் மணலும் துணிக்குள் புகுந்தால் தோலை அராவும். ஈரமான இறுகிய மணலில் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் வெறுங்காலோடு மெதுவாக ஓடட்டும். பெரியவர்கள் சொன்னதும் வீண்போகாது.

இந்த நாலையும் முறைப்பாடின்றித் தாண்டிய சோடி பொதுச் சோடி என்ற பெயருக்குத் தகுதியானது. 100 மீற்றர் போட்டிக்கும் நீளம் பாய்தலுக்கும் அது ஈடுகொடுக்காது. அவற்றுக்கு ஆணிச் சப்பாத்து வேறு. தொலைக்காட்சியில் பெரிய வீரர்கள் அணியும் தடித்த, உள்ளே காபன் தகடு வைத்த சப்பாத்துகளைப் பார்த்துப் பிள்ளை ஆசைப்படலாம். அவை போட்டி நாளுக்கானவை. அவற்றின் தடிப்பு எல்லை மீறிப் போனதால் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் 2020இல் வீதி ஓட்டத்துக்கு 40 மில்லிமீற்றர் என்று வரம்பு போட வேண்டி வந்தது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அது எதற்கு?

ஒரே சோடியில் ஓடுவதில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. லக்ஸம்பேர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரங்கள் கவனித்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சோடிகளை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 வீதம் குறைவாக இருந்தது. சோடியை மாற்றியதுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் காரணம் ஊகிக்கக்கூடியதே. சப்பாத்து மாறும்போது காலில் விழும் அடியும் சற்று இடம் மாறுகிறது. இரண்டாவது சோடிக்கு வழியில்லாத வீட்டில் தரையை மாற்றினால் அதில் ஒரு பகுதி கிடைக்கும். ஏழு நாளும் தாரில் ஓடுவதைவிட, மேலே சொன்னபடி தாரும் மைதானமும் செம்மண்ணும் மாறி மாறி வரட்டும். காசு கொஞ்சம் உண்டென்றால், பெயர்போன ஒரு சோடியைவிட நடுத்தர விலையில் இரண்டு சோடி வாங்குவதையே நான் விரும்புவேன்.

யாழ்ப்பாணத்து வீடுகளுக்கென்றே ஒரு விடயம் உண்டு. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மாமா சப்பாத்து அனுப்புவார். அங்கே எழுதப்படும் இலக்கம் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய 42ஐயும் அமெரிக்க 9ஐயும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, பிள்ளையைக் கடதாசியில் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, நீளத்தைச் சென்ரிமீற்றரில் அனுப்புங்கள். இரண்டு பாதத்தையும் அளந்து, பெரியதைக் கணக்கில் எடுங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அண்ணனின் சப்பாத்தைக் கொடுத்து ஓடச் சொல்லும் வழக்கத்தையும் விடுங்கள். பெண்களின் குதிக்கால் பொதுவாக ஒடுங்கியது. உள்ளே சப்பாத்து கழன்று கழன்று கொப்புளம் போடும்.

இன்னொன்று. வந்த சப்பாத்தைப் பெருநாளுக்கென்றோ போட்டிக்கென்றோ அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். நமது சூட்டிலும் ஈரக்காற்றிலும் பசை பழுதாகும். சில வகை நடுத்தட்டுகள் அணியாமலே தூளாகும். போட்டி நாளன்று அரை வழியில் அடித்தட்டு வாயைப் பிளக்கும் சப்பாத்து பெரும்பாலும் பழையதல்ல, வருடக்கணக்கில் பத்திரமாக வைக்கப்பட்டது.

ஆயுள் எவ்வளவு? 500 முதல் 800 கிலோமீற்றர் வரை என்பது பொதுவான கணக்கு. கிழமைக்கு 25 கிலோமீற்றர் ஓடும் பிள்ளைக்கு 20 முதல் 32 கிழமை. அதற்குள் கால் வளர்ந்துவிடவும் கூடும். சப்பாத்தை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் நடுத்தட்டு போய்விட்டது. பக்கவாட்டில் குறுக்குச் சுருக்கங்கள் ஆழமாக விழுந்து, அமுக்கினால் கல்லுப்போல் இருந்தாலும் அப்படித்தான். சப்பாத்து மாறாமல் இருக்க, புதிதாகக் கணைக்கால் எலும்பில் நோவு தொடங்கினால் ஓட்டத்தை நிறுத்தி முதலில் சப்பாத்தைச் சந்தேகியுங்கள். இரண்டு கிழமை ஓய்வெடுத்தும் நோவு போகாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நனைந்த சப்பாத்தை வெயிலில் காய வைத்தால் நடுத்தட்டு சுருங்கும், பசை விடும். உள்ளே பழைய பத்திரிகைக் கடதாசியைச் சுருட்டித் திணித்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். கடதாசியை இரண்டு தடவை மாற்றினால் பெரும்பாலும் மறுநாள் காய்ந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழை ஒன்றுண்டு. உளூச் செய்த ஈரக் காலோடு அப்படியே காலுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிடுவார்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவதும் கொப்புளம் போடுவதும் அதனால்தான். கொடியில் ஒரு சிறு துவாயைக் காலுக்கென்றே தனியாகப் போட்டு வையுங்கள். புதிய சோடி வாங்கிய நாளில் நாக்கின் உட்பக்கத்தில் தேதியைப் பேனையால் எழுதிவிடுங்கள். எத்தனை கிழமை ஆயிற்று என்று பிள்ளையிடம் கேட்க வேண்டியிராது.