வீடு தேடிச் செல்லும் தாய்சேய் நலப்பணியில் செயற்கை நுண்ணறிவு

தாயையும் பச்சிளங்குழந்தையையும் அவர்களின் வீட்டிற்கே சென்று கவனிப்பது தாய்சேய் நலப்பணியின் முக்கியப் பகுதியாகும். தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இப்பணியைச் செய்கின்றனர். மலை, பழங்குடிப் பகுதிகளில் ஆஷா பணியாளர்களும் இதில் ஈடுபடுகின்றனர்.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டில் பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளிலும் பார்க்க வேண்டும். எடை, உடல் வெப்பம், மூச்சு, பால் குடிக்கும் விதம் ஆகியவை கவனிக்கப்படும். பிறப்பு எடை 2.5 கிலோவுக்குக் குறைந்தால் அது குறை எடைக் குழந்தை.

ஜவ்வாது மலையில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கு ஒரு சந்தேகம் எழுந்தால் அருகில் கேட்க ஆள் இருப்பதில்லை. இவ்விடத்தில் செயற்கை நுண்ணறிவு உதவக்கூடும். இராசத்தான் மாநிலம் உதய்ப்பூரில் 2024-இல் அறிமுகமான 'ஆஷாபாட்' இதற்கு எடுத்துக்காட்டு. குஷி பேபி நிறுவனமும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் இதை உருவாக்கின. பணியாளர் வாட்சப்பில் எழுதியோ பேசியோ கேட்கலாம். சுகாதாரக் கையேடுகளிலிருந்து விடை வரும். விடை கிடைக்காத கேள்வி செவிலியர்களுக்கு அனுப்பப்பட்டு, அவர்களின் ஒருமித்த பதில் திருப்பித் தரப்படும்.

மலைக்கு இது பயன்பட வேண்டுமானால், அலைபேசி அலைவரிசை இல்லாத இடத்திலும் இயங்க வேண்டும். மலையாளிப் பழங்குடியினரின் பேச்சுத் தமிழும் அதற்குப் புரிய வேண்டும். குடும்பத்தின் விவரங்கள் வெளியே கசியக்கூடாது.

குழந்தை பால் குடிப்பதை நிறுத்தினாலோ, நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலோ அலைபேசியின் விடைக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அதைக் கண்டறிவது நேரில் பார்க்கும் பணியாளரின் கண்ணும் கையுமே.