வண்டியின் ஜனன மாதம்

பொழுது புலர்வதற்கு முன்பே, ஏலத்தோட்டங்களில் கூலி வேலை செய்யும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறையையும் சாந்தன்பாறையையும் நோக்கிப் போகின்ற ஜீப்புகளைக் கண்டவர்கள், வெளித் தோற்றத்தில் ஒரே வயதினவாய்த் தெரியும் அவ்வண்டிகளை ஓட்டுநர்கள் ‘இது 98 மாடல்’, ‘அது 2004 மாடல்’ என்று வருஷம் சொல்லி அறிமுகம் செய்வதையும் கேட்டிருப்பார்கள். அந்த ‘மாடல்’ என்ற சொல் எந்த நாளைக் குறிக்கிறது? வண்டி தொழிற்சாலையில் உருப்பெற்ற மாதத்தையா, விற்பனையான நாளையா, பதிவேட்டில் ஏறிய தேதியையா? வாங்குகிறவர் ஒன்றை எண்ணிக்கொள்ள, விற்கிறவர் வேறொன்றை எண்ணிச் சொல்ல, அதனால் விளையும் மனக்கசப்பை என் குடும்பத்திலேயே கண்டிருக்கிறேன்.

பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் என் மைத்துனர், பொள்ளாச்சியில் ஒரு தரகர் மூலமாகப் பழைய கார் ஒன்றை ‘2018 மாடல்’ என்று நம்பிக் கிரயம் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டார். ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தபோது, பதிவுத் தேதி 2018 பிப்ரவரி என்றிருக்க, உற்பத்தி மாதம் என்ற இடத்தில் 2017 ஆகஸ்டு என்றிருந்தது. ஒருமுறையும் ஓடாத ஸ்டெப்னி டயரின் பக்கவாட்டில் 3017 என்ற நான்கு இலக்கங்கள் பொறித்திருந்தன. 2017-ஆம் வருஷத்தின் 30-ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது என்பது அதன் பொருள். தரகர் பொய் சொன்னார் என்று நான் கூறமாட்டேன். பதிவு வருஷத்தையே மாடல் என்று சொல்வது சந்தை வழக்கம். ஆனால் ஆறு மாத காலம் எங்கோ ஒரு திடலில் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியின் ரப்பரும் பேட்டரியும் அந்த ஆறு மாதமும் மூப்படைந்துகொண்டுதானே இருந்திருக்கும்?

இந்த இடைவெளி நேர்வதற்குப் பெரும்பாலும் கபடம் காரணமன்று. ஹரியானாவிலோ புணேயை அடுத்த சாக்கனிலோ உருவான கார், நீண்ட லாரியில் ஏறி வாளையாறு வந்து, கிடங்கில் காத்து, விலைபோகாத நிறமாயிருந்தால் மேலும் காத்து, பிறகே ஷோரூமை அடைகிறது. டிசம்பரில் பணம் கட்டியவரும், ஆர்.சி.யில் புது வருஷம் விழட்டுமென்று ஜனவரி வரை பதிவைத் தள்ளிப்போடுகிறார். டிசம்பர்ச் சலுகைகளின் ரகசியமும் இதுவே.

அமெரிக்காவில் கணக்கு எதிர்த்திசையில் செல்லும். அங்கே ‘மாடல் வருஷம்’ என்பது உற்பத்தியாளர் சூட்டுகின்ற பெயர். அவ்வருஷத்து ஜனவரி 1 அந்த உற்பத்திக் காலத்துக்குள் அடங்கினால் போதும் என்பது விதியாதலால், 2024 செப்டம்பரில் உருவான கார் 2025 மாடலாக விற்பனைக்கு வரலாம். வளைகுடா நாடுகளிலும் மாடல் வருஷத்தைப் பேசுவதே வழக்கமாகையால், துபாயில் முல்கியா என்னும் உரிமச் சீட்டைப் பார்த்துப் பழகித் திரும்பும் பாலக்காட்டு அன்பர்கள், இங்கே மாடல் என்றால் உற்பத்தி மாதத்தை விசாரிக்க வேண்டியிருப்பதைக் கண்டு திகைப்பது இயல்பே.

உற்பத்தி நாளா, விற்பனை நாளா என்ற இவ்விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பாரத் ஸ்டேஜ் 3 என்ற பழைய புகை வரம்புக்கு உட்பட்ட வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கலாகாது என்று அவ்வருஷம் மார்ச் 29-இல் தீர்ப்பு வந்தபோது, அதற்கு முன்பே உருவாகிக் கடைகளில் நின்ற வண்டிகளை விற்றுத் தீர்க்க வியாபாரிகளுக்கு இரண்டே நாட்கள் எஞ்சின. பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கும் 2018 அக்டோபரில் அவ்விதமே, 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையும் பதிவும் கூடாதென்று நீதிமன்றம் கூறியது. முன்னரே தயாரானவை என்ற வாதம் எடுபடவில்லை. சுவாசிக்கின்ற காற்றை முன்னிட்டு எழுந்த இத்தீர்ப்புகள் மிக நியாயமானவை என்பது என் அபிப்பிராயம்.

ஆதலால் பழைய வண்டி வாங்குபவர் ஆர்.சி.யில் உற்பத்தி மாதத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். சேஸி எண்ணின் 17 எழுத்துகளுள் பத்தாவதைப் பல நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒதுக்குகின்றன: 2017-க்கு எச், 2018-க்கு ஜே; இடையிலுள்ள ஐ, ஒன்று என்னும் இலக்கத்தோடு மயங்குமாதலால் விலக்கப்பட்டது. எனினும் அமெரிக்க வழக்கில் அவ்வெழுத்து மாடல் வருஷத்தையே குறிப்பதால், அதை மட்டும் நம்பி முடிவு செய்தலாகாது. சொந்தக் காருக்குரிய பதிவின் 15 வருஷ ஆயுள் பதிவு நாளிலிருந்தே தொடங்குகிறது என்பதும் மறக்கத்தக்கதன்று; மைத்துனர் அதை எண்ணி ஓரளவு ஆறுதலடைந்தார். விலையைக் குறைத்துப் பேசி, தமிழ்நாட்டிலிருந்து என்.ஓ.சி. என்னும் தடையின்மைச் சான்று பெற்று, காரைப் பாலக்காட்டுச் சித்தூரில் கே.எல். 70 எண்ணுக்கு மாற்றிக்கொண்டார்.

இதையெல்லாம் மனத்தில் கொண்டு, பூப்பாறைத் தேநீர்க்கடையொன்றின் முன் நின்ற ‘98 மாடல்’ ஜீப்பின் மெய்யான வயதை அதன் ஓட்டுநரிடம் ஒருமுறை விசாரித்தேன். என்ஜின் ஒருமுறை மாறியிருக்கிறது. பாடி இருமுறை புதிதாய்க் கட்டப்பட்டிருக்கிறது. அவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு குனிந்து, சேறு படிந்த சேஸியைத் துடைத்து, எண் பொறித்த இடத்தைக் காட்டினார். எழுத்துகளில் பாதி துருவேறியிருந்தன.