கண் எங்கே நிற்க வேண்டும்?

என்.சி.சி. மாணவியராகிய நாங்கள் சென்ற முகாமில் .22 ரைஃபிளால் சுடப் பழகினோம். ஆளுக்கு ஐந்து தோட்டாக்கள்தாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரிய வாக்குவாதம். “தூரத்தில் இருப்பதற்குத்தான் குறி பார்க்க வேண்டும். எதிரிலேயே இருப்பதை, அதுவும் கைத்துப்பாக்கியால் சட்டென்று சுட வேண்டுமானால், கையை நீட்டினால் போதாதா? மாங்காய்க்குக் கல்லெறியும்போது எந்தக் குறியைப் பார்க்கிறோம்?” என்றாள் ஒரு தோழி. பாலாற்றுப் பாலம் தாண்டியும் வழக்குத் தீரவில்லை. ஆகவே கணக்குப் போட்டும் படித்தும் பார்த்தோம்.

கைத்துப்பாக்கியின் குழல் நுனியில் ஒரு சிறு முளை இருக்கும். பின்புறம் நடுவில் பிளவுடைய ஒரு தகடு இருக்கும். பிளவின் நடுவே முளை நின்று, இரண்டின் தலைமட்டமும் ஒன்றானால் குறி நேராகிவிட்டது எனலாம். இரண்டுக்கும் இடைவெளி சுமார் 20 சென்டிமீட்டர். முளை 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால் என்ன ஆகும்? முணுமுணுத்துக்கொண்டே நாம் படித்த ஒத்த முக்கோணங்கள் இங்கே விடை சொல்கின்றன. 2 மீட்டர் தொலைவில் தோட்டா 1 சென்டிமீட்டர்தான் விலகும். 25 மீட்டரிலோ பன்னிரண்டரை சென்டிமீட்டர்! ஆக, தோழி சொன்னதில் பாதி உண்மை.

குறியே இல்லாமல் போர் நடந்த ஊரன்றோ நம் ஆற்காடு! 1751இல் கிளைவின் ஆட்கள் இங்கே ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியபோது, கம்பெனிப் படையின் மஸ்கட்டுகளில் பின்தகடே கிடையாது. முன்னாலிருந்த முளையும் பயனெட்டை மாட்டுவதற்கானது. ஆனால் அவர்கள் வரிசையாக நின்று ஒன்றாகச் சுட்டார்கள். யார் குண்டு யார்மேல் பட்டதென்று யாருக்குத் தெரியும்?

கைத்துப்பாக்கியைப் பற்றிய இந்த வழக்கு பழையது. ஷாங்காய் நகரப் போலீஸில் பணியாற்றிய ஃபேர்பெர்ன், சைக்ஸ் என்ற இருவர், இருட்டுச் சந்துகளில் சில அடி தூரத்தில் ஆபத்து வந்தால் குறி பார்க்க நேரமிராது என்று கண்டு, உடம்பின் உணர்வாலேயே சுடும் முறையை 1942இல் நூலாக எழுதினர். 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் நடந்த போட்டிகளிலோ கதை மாறிற்று. மற்றவர்கள் இடுப்பருகிலிருந்தே படபடவென்று சுட்டுத் தவறவிட, ஜாக் வீவர் என்ற போலீஸ்காரர் இரு கைகளாலும் துப்பாக்கியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, குறியை ஒரு கணம் பார்த்துச் சுட்டு வென்றார்.

சரி, பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது? நம் கண்ணின் வில்லையால் அருகிலுள்ளதையும் தொலைவிலுள்ளதையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காட்ட முடியாது. முளை தெளிந்தால் இலக்கு மங்கும். இலக்கு சற்று மங்கினாலும் அதன் நடுவை ஊகித்துவிடலாம். முளை மங்கினால் அதன் விலகல் தெரியாது. “கண்ணை முளையில் வை” என்று ஹவில்தார் கத்தியதன் காரணம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் இரண்டாம் பகுதியில், ஒவ்வொரு குண்டுக்கும் கிடைப்பது 3 விநாடி. கையைச் சரிவாகத் தாழ்த்தி நிற்க வேண்டும். நேரம் தொடங்கியதும் உயர்த்திச் சுட வேண்டும். அதற்குள் முளையைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? பல்லாயிரம் முறை பழகிய கை, முளையைப் பிளவுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. கண் அதைச் சரிபார்க்கிறது. நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷூ அப்பர் தைக்கும் அக்காமாரைப் பாருங்கள். தோலைத் திருப்புவது கை. கண் ஓடும் ஊசியைத் துரத்தாமல் விளிம்பிலேயே நிற்கிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியின் தகுதிச் சுற்றில் நம் நாட்டு மனு பாக்கர் நிதானப் பகுதியில் 294 புள்ளியும், விரைவுப் பகுதியில் 296 புள்ளியும் எடுத்தார். அவசரத்தில் கூடுதலா என்று வியந்தோம். நிதானப் பகுதியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 5 சென்டிமீட்டர், விரைவுப் பகுதியில் 10 சென்டிமீட்டர். நம் கணக்குப்படி முன்னதில் முளை 0.2 மில்லிமீட்டர்தான் விலகலாம், பின்னதில் 0.4 வரை விலகலாம். விரைவுக்கு ஏற்பக் குறியின் கண்டிப்பையும் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் நீக்கிவிடவில்லை.

இறுதிச் சுற்றிலோ அந்தத் தளர்வும் இல்லை. 10.2 அல்லது அதற்கு மேல் பட்டால்தான் கணக்கு, இல்லையேல் பூஜ்யம். அங்கே மனு ஹங்கேரியின் வெரோனிகா மேயருடன் சமநிலையில் நின்று, சமநிலையை முறிக்கும் சுற்றில் பின்தங்கி நான்காவதானார். அதே ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலங்கள் பெற்றவருக்கு மூன்றாவது, மயிரிழையில் போயிற்று.

எங்கள் தோழி இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தன் அட்டையை எடுத்துக் காட்டினாள். ஐந்தில் இரண்டு ஓட்டைகள்தாம் இருந்தன.