வீட்டுப் பட்டறைக்குத் தனி மின்வழி

1931ஆம் ஆண்டு கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள்தொட்டு, அடுத்துள்ள இரும்புலியூருக்கு மின்விசை புதிதன்று. இன்றோ தார் சுற்றும் மோட்டாரும், சாணையும், மரமறுக்கும் இயந்திரமும் வீட்டுக் கொட்டகைக்குள்ளேயே சுழல்கின்றன. விளக்குக்கு இட்ட கம்பியிலேயே இவற்றையும் இணைப்பதுதான் தீங்குக்கு வித்தாகும்.

ஒரு குதிரைத்திறன் 746 வாட். 2 குதிரைத்திறன் மோட்டார் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 10 ஆம்பியர் கொள்ளும். புறப்படும் கணத்தில் அதனினும் பன்மடங்கு. 6 ஆம்பியர் பிளக் இதனைத் தாங்காது. கம்பி சூடேறி உறை உருகும். ஆதலின் மெயின் பலகையிலிருந்து தனியே 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், 16 ஆம்பியர் பிளக்கும், அதற்குரிய எம்.சி.பி.யும் அமைத்தல் வேண்டும்.

பிளக்கில் எர்த் முனை மட்டும் நீண்டிருப்பது, மின்சாரம் பாயுமுன்னரே கருவியின் உடல் நிலத்தோடு இணைய வேண்டும் என்பதற்காகவே. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் உடன் வேண்டும். பியூஸ் போனவிடத்தில் தடித்த கம்பி கட்டும் வழக்கத்தை அறவே விடுக.

பெரிய மோட்டார்களுக்குரிய மும்முனை இணைப்பை மின்வாரியத்தில் விண்ணப்பித்தே பெறுதல் முறை. அங்கத்தினர் ஐவர் கூடி, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை ஒரே நாளில் அமர்த்தினால் செலவு குறையும். ஐந்து குடும்பங்களுக்கும் காவலாகும். கூட்டுறவின் பயனும் அதுவன்றோ!